அப்பா சொன்னது ஒன்று, நான் சொன்னது ஒன்று

தேஹு ரோட்டில் பத்தாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

உங்களில் பாதிப் பேர் இந்த மடலை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் இந்தியும் இங்கிலீஷும் என்று வளர்கிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? சிரமமாக இருந்தால் அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

1991, மழைக்காலம். எனக்கு 15 வயது. டிப்போ வேலைக்குக் கிளம்பிய அப்பா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு கையில் டிபன் டப்பா. இன்னொரு கையால் நெஞ்சின் நடுவைத் தேய்த்தபடி, "என்னமோ பிசையறாப்ல இருக்குடா" என்றார். மழையில் நனைந்தவர்போல நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்து, "வாயுப் பிடிப்பு, வேறென்ன? ராத்திரி மொச்சைக்கொட்டைக் குழம்பு" என்று தீர்ப்புச் சொன்னார். சோடா வந்தது. இஞ்சிச் சாறு வந்தது. அரை மணி நேரம் போனது. அப்புறம் ஆட்டோ.

அப்பாவுக்கு டிப்போ இந்தி நன்றாகவே வரும். ஆனால் வலி வந்தால் வாயில் தாய்மொழிதானே வரும். டாக்டர் கேட்டதற்கு அவர் தமிழில் முனகிவிட்டு என்னைப் பார்த்தார். நான் டாக்டரிடம் சொன்னேன்: "பேட் மே கேஸ் ஹை." அப்பா சொன்னது ஒன்று. நான் சொன்னது அத்தை சொன்னது. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை மறுபடி வந்தபோதுதான் அது மாரடைப்பு என்று தெரிந்தது. அப்பா பிழைத்தார். பாதி இதயத்தோடு இன்னும் 9 வருடம் இருந்தார், மாடிப்படி ஏறாமல், சைக்கிள் மிதிக்காமல். அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது என்னுடைய சொல்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், அன்று நான் பார்த்த வேலையைத்தான் இன்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது நீங்கள். கேஸ் பேப்பர் எழுதுவது நீங்கள். மெடிக்கலில் நின்று எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை ராத்திரி என்று கேட்டு வந்து வீட்டில் தமிழில் சொல்வது நீங்கள். கூரியர்காரரில் தொடங்கி 108 ஆம்புலன்ஸ் வரைக்கும் யார் போன் செய்தாலும் "நீ பேசுடா" என்று உங்கள் கையில் திணிக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் இந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது, பெயரும் கிடையாது. ஆனால் ஆபத்து நேரத்தில் முதலில் ஓடிவரும் ஆள் பார்க்க வேண்டிய வேலையில் பாதி இதுதான். மீதிப் பாதி கைவேலை. அதையும் கற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் பேச்சுப் பாதியை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே கொண்டுபோய்ச் சேருங்கள். சுற்றி நிற்கும் பெரியவர்கள் வைத்த பெயரைச் சேர்க்காதீர்கள். "நெஞ்சைப் பிசையுது" என்றால் 'சாத்தீத் துக்தய்'. "மூச்சு வாங்குது" என்றால் 'தம் லாக்தோய்'. கூடவே வேர்த்ததா, இடது கையோ தாடையோ வலித்ததா, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதையும் சொல்லுங்கள். கேஸா இல்லையா என்பதை ஈசிஜி சொல்லட்டும்.

இன்னொன்று இருக்கிறது, அது உங்களால் மட்டுமே முடியும். பக்கவாதத்துக்கு மூன்று அடையாளம் சொல்வார்கள்: வாய் ஒரு பக்கம் கோணும், தூக்கிய கை தானாகத் தொங்கும், பேச்சு குழறும். முதல் இரண்டையும் எந்த டாக்டரும் பார்த்துவிடுவார். மூன்றாவதை? தமிழ் தெரியாத டாக்டருக்கு உங்கள் தாத்தா பேசுவது குழறலா, இல்லை அவர் பேச்சே அப்படித்தானா என்று எப்படித் தெரியும்? "நேற்றுவரை இப்படிப் பேசமாட்டார்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் கையிலேயே எழுதிக்கொண்டு போங்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். டாக்டர் முதலில் கேட்பதே அந்த நேரத்தைத்தான்.

108-க்குப் பேசுவது தனிக் கலை. நம் ஊர் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. 'தேஹு' என்று மட்டும் சொன்னால் கேட்பவர் மனதில் வருவது துக்காராம் மகராஜ் பிறந்த தேஹு காவ். அது இந்திராயணிக் கரையில், இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. நம்முடையது தேஹு ரோடு, கன்டோன்மென்ட், பழைய மும்பை–புனே ஹைவே. இந்த மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். ரயில் பாதைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதையும் சொல்லுங்கள். ஆள் நினைவிழந்திருந்தால் 'பேஷுத்த்', மூச்சு இல்லையென்றால் 'ஷ்வாஸ் கேத் நாஹீத்'. அவர்கள் வைக்கும்வரை நீங்கள் போனை வைக்கக் கூடாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் ஓடிப்போய்ச் சந்து முனையில் நின்று கையைக் காட்ட வேண்டும். சால்களுக்குள் ஆம்புலன்ஸ் வீட்டு எண் தேடிச் சுற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் 108 வந்தது 2014-இல். 937 வண்டிகளோடு தொடங்கினார்கள். வண்டியிலேயே ஒரு டாக்டர் இருப்பார், இது மற்ற பல மாநிலங்களில் இல்லாத நல்ல ஏற்பாடு. நகரத்துக்குள் 20 நிமிடம், கிராமத்தில் 30 நிமிடம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. நல்ல இலக்குதான். ஆனால் நின்றுபோன இதயம் 20 நிமிடம் காத்திருக்காது. ரத்தம் போகாவிட்டால் 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை கெட ஆரம்பிக்கும். யாரும் நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஹைவேயில் வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்தக் கணக்கு சரிக்கட்டாது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் யாரோ அவர் கைதான் கை.

இப்போது கைவேலை. இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தம், அதாவது சிபிஆர். பேர் நீளம், வேலை எளிது. கட்டிலில் செய்யக் கூடாது, தரையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். நெஞ்சுக்கூட்டின் நடுவில், நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே இன்னொரு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல், தோளிலிருந்து அமுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-க்கு மேல் போகாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். இதில் எல்லோரும் தோற்பது இரண்டு இடத்தில்: முதல் நிமிடத்தில் பயந்து மெதுவாக அமுக்குவார்கள், மூன்றாவது நிமிடத்தில் களைத்துப் போய் மெதுவாக அமுக்குவார்கள். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.

இங்கேதான் புனேக்காரப் பிள்ளைகளான உங்களுக்கு ஒரு கொடுப்பினை. கணபதி வருவதற்குப் பல வாரம் முன்பே டோல்-தாஷா பதக்கில் சேர்ந்து, இடுப்பில் டோலைக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் தெருவே அதிர அடிக்கிறீர்கள் அல்லவா? தூக்கம் கெடுகிறது என்று நானே திட்டியிருக்கிறேன், அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வினாடிக்கு இரண்டு அடியை வேகம் கூடாமல் குறையாமல் பிடித்து நிறுத்துவது உங்களுக்குக் கைவந்த விஷயம். பக்கத்தில் அடிப்பவர் களைத்தால் அடி விழாமல் மாற்றிக்கொள்வதும் தெரியும். டாக்டர்கள் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுக்கப் பாடுபடும் தாளம் உங்கள் தோளில் ஏற்கெனவே இருக்கிறது. கைவைக்கும் இடமும் ஆழமும்தான் பாக்கி.

உங்கள் வயதுக்கு இது ஆகுமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து டேரியன் என்ற ஊரில் 'போஸ்ட் 53' என்று ஓர் ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. 1970-இல் தொடங்கியது. அதை நடத்துகிறவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். உரிய பயிற்சி முடித்து, மாநிலத்தின் சான்றிதழ் வாங்கி, பெரியவர்கள் மேற்பார்வையில் வண்டியில் போகிறார்கள். இஸ்ரேலின் ஆம்புலன்ஸ் சேவையில் 15 வயதுப் பிள்ளைகள் பயிற்சி எடுத்துத் தொண்டு செய்கிறார்கள். 12 வயதிலிருந்து பள்ளியில் வருடத்துக்கு இரண்டு மணி நேரம் நெஞ்சழுத்தம் சொல்லிக்கொடுங்கள் என்ற யோசனையை உலக சுகாதார நிறுவனமே 2015-இல் ஏற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 2005-இல் அதைப் பள்ளிப் பாடமாகவே வைத்தார்கள். வேறு முயற்சிகளும் கூடவே நடந்தன. 2001-இல் அங்கே ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் நூற்றுக்கு 21 பேருக்குத்தான் பக்கத்தில் நின்றவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். 2010-இல் அது 45 ஆனது. ஒரு மாதம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்றரையிலிருந்து பதினொன்றை நெருங்கினார்கள்.

நம் நாட்டில் உங்கள் வயதுக்கு வண்டியில் இடம் இல்லை. பேரிடர்த் தொண்டர்களுக்கான 'ஆப்தா மித்ரா' பயிற்சிகூட 18 முடிந்தவர்களுக்குத்தான். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஆம்புலன்ஸில் தொற்றிக்கொண்டு போவதில் ஒரு கிளுகிளுப்பு இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு வேலை இருப்பது ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால், உங்கள் சந்துக்குள்ளே, சமையலறையில், குளியலறை வாசலில்.

ஹைவே பற்றி இரண்டு வார்த்தை. எக்ஸ்பிரஸ்வே கிவளேயில் தொடங்குகிறது, ஆனால் அதில் டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. அவ்வளவும் நம் ஊரைக் கிழித்துக்கொண்டு போகும் பழைய சாலையில்தான். விபத்து நடந்தால் முதலில் கூடுகிறவர்கள் நீங்கள், கையில் போனோடு. வீடியோ எடுக்காதீர்கள் என்று பிரசங்கம் செய்யப் போவதில்லை. போன் கையில் இருந்தால் முதலில் 108-ஐ அழுத்துங்கள், அவ்வளவுதான். சாலை நடுவே ஓடாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து, எதிரே வரும் வண்டிகளை நிறுத்திய பிறகே அடிபட்டவரிடம் போங்கள். ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். தலையை மடியில் தூக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மூன்று பேர் ஒரே பைக்கில் பறந்து 'உதவ' வருகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? நீங்களே இன்னொரு விபத்தாகிவிட்டால் அந்த ஒரு ஆம்புலன்ஸைப் பங்கு போட வேண்டியிருக்கும்.

"போலீஸ் கேஸ் ஆகிடும், நமக்கு எதுக்கு வம்பு" என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். காலம் மாறிவிட்டது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். 2007-இல் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய உங்கள் வயதுப் பையன் ஒருவனை வண்டி மோதியது. முக்கால் மணி நேரம் யாரும் தொடவில்லை. இறந்துபோனான். அவனுடைய அண்ணன் முறை பியூஷ் திவாரி, மறுவருடம் சேவ்லைஃப் பவுண்டேஷனைத் தொடங்கினார். அவர்கள் தொடுத்த வழக்கில்தான் 2016 மார்ச் 30-இல், உதவுகிறவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்குச் சட்டத்தின் பலம் கொடுத்தது உச்ச நீதிமன்றம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு, தானாக முன்வந்து உதவியவர்மீது வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. இதே நிறுவனம்தான் நம் எக்ஸ்பிரஸ்வேயில் சாவைக் குறைக்கும் வேலையையும் கையில் எடுத்தது. 2016-இல் அந்தச் சாலையில் 151 பேர் இறந்தார்கள். 2020-க்குள் அது பாதிக்கும் கீழே போனது.

பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்லலாம். 1899-இல் போயர் போரின்போது நேட்டாலில் காந்தி திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அதில் ஏறத்தாழ 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர்கள். ஸ்பியான் காப் போர்க்களத்திலிருந்து அடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தோளில் சுமந்து மைல் கணக்கில் நடந்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். பிழைக்கப்போன இடத்தில் நமக்கு எதுக்கு வம்பு என்று அவர்களும் சொல்லியிருக்கலாம்.

2025 ஜூன் 15 உங்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குண்ட்மளாவில் இந்திராயணி மேலே இருந்த பழைய இரும்புப் பாலம் கூட்டம் தாங்காமல் விழுந்தது. 4 பேர் இறந்தார்கள், 50-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை ஆற்றோடு மல்லுக்கட்டியவர்கள் உள்ளூர்க்காரர்களும் மாவல் பக்கத்து மீட்புக் குழுத் தொண்டர்களும்தான். அவர்களைப் பார்த்துவிட்டு நீங்களும் ஜூலை மாதத்து இந்திராயணியில் குதிக்க நினைத்தால் நான் உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுவேன். கயிறு எறியுங்கள், புடவை எறியுங்கள், மூடிய காலி கேன் எறியுங்கள். நீரில் மூழ்கியவருக்கு நெஞ்சழுத்தம் மட்டும் போதாது, மூச்சும் ஊத வேண்டும். அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, நேரில் செய்துதான் பழக வேண்டும்.

செய்யக் கூடாததைத் தடுப்பதும் உங்கள் வேலைதான், ஒருவேளை அதுதான் கடினம். வலிப்பு வந்தவர் கையில் நம்மவர்கள் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். பக்கத்து வீட்டு மராத்திக்காரர் வெங்காயத்தையோ செருப்பையோ மூக்கில் வைப்பார். தேசம் முழுவதும் ஒற்றுமையாகத் தப்புச் செய்யும் இடம் இது. ஒன்றும் வேண்டாம். பக்கத்திலிருக்கும் கல், அடுப்பு, நாற்காலியைத் தள்ளுங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றை இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பதில் பெரிய பங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு, 1978-இலிருந்து. கோராடேஷ்வர் மலையடிவாரத்தில் கடிபட்டவருக்கு ஏறும் மருந்தில் ஒரு இருளர் கைபட்ட விஷம் இருக்கலாம்.

பெரியவர்களை எப்படித் தடுப்பது? "சும்மா இருங்க அத்தை" என்றால் அறைதான் விழும். அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். "அத்தை, நீங்க வாசல்ல நின்னு ஆம்புலன்ஸ் வருதான்னு பாருங்க." இதை நான் கற்றுக்கொள்ள 20 வருடம் ஆனது.

கடைசியாக ஒன்று, யாரும் சொல்லித்தராதது. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஆள் பிழைக்காமல் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும், டென்மார்க் கணக்கையே திரும்பிப் பாருங்கள். அன்றைக்குச் சோறு இறங்காது. கையில் அந்த நெஞ்செலும்பு 'டக்' என்று விட்டுக்கொடுத்தது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும். தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். கூட இருந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள், அல்லது என்னிடம் வாருங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் என் வீட்டில் டீ கிடைக்கும். அப்பா செத்து இத்தனை வருடம் ஆகியும் 'பேட் மே கேஸ் ஹை' என்ற என் குரல் எனக்குக் கேட்கிறது, அதை முதன்முதலாக ஒருவரிடம் சொன்னதே நாற்பதைத் தாண்டிய பிறகுதான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் வார்டில் நின்றவர், கோபக்காரர், தப்பாகக் கைவைத்தால் மணிக்கட்டில் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்கு எங்கள் மொட்டைமாடியில் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். பையன்களை மட்டும் அனுப்பினால் வரமாட்டேன், பெண்பிள்ளைகளும் சரிபாதி வர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. பயிற்சிக்குப் பொம்மை வாங்க இப்போது காசில்லை. ஆளுக்கொரு பழைய தலையணை கொண்டு வாருங்கள். நன்றாகக் கெட்டித்துப்போன பஞ்சாக இருக்கட்டும், புதுசு வேண்டாம், அழுத்தினால் அப்படியே உள்ளே போய்விடுகிறது.

அன்புடன்,
டிப்போக்காரர் மகன்